முகத்துவாரம் வெட்டிய நாள்

இன்று மழைச்சேற்றின் மணம் பட்டதும், பிற்காலத்தில் கட்டிய கருங்கல் தடுப்புக்கு அடியில் மறைந்துபோன அந்த மணல்திட்டு நினைவுக்கு வந்தது. ஐம்பதுகளில் ஒரு மாரியில், ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட, வெள்ளம் திரும்பி ஏறி வாப்பாவின் வயலை மூடியது. வாப்பா வரம்பிலேயே நின்றார். மறுநாள் காலை, கல்முனைக்குடியில் கடலுக்குப் போகிறவர்கள் மண்வெட்டிகளோடு வந்தார்கள்.

"உங்களுக்கு வயல் இல்லையே காக்கா," என்றார் வாப்பா அவர்களில் மூத்தவரிடம், அண்ணன் முறை வைத்து.

"சோறு திங்கிறம்தானே. வெட்டிவிட்டா ஆத்துக்குள்ள இறாலும் ஏறும்," என்றபடி அவர் மணலில் இறங்கினார்.

உம்மாவும் நானும் கூடையில் மணல் சுமந்தோம். நண்பகல் லுஹர் பாங்குக்கு முன் திட்டு உடைந்து, கலங்கிய வெள்ளம் இரைச்சலோடு கடலுக்குள் போனது. பின்னேரம் பயிரின் நுனிகள் பச்சையாகத் தெரிந்தன. அதற்குள் கொக்குகள் கூட்டமாக வயலில் இறங்கிவிட, பயிரை மிதித்துவிடுமே என்று நான் விரட்ட ஓடினேன். வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு மகள். அதுகளும் பட்டினியாக் கிடந்திருக்கும்."