ரெண்டாவது செட்

பெங்களூரில் வேலை கிடைத்தும் தருமபுரியைத் தாண்ட முடியாமல் போன கதையை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அவர்களுக்கென்ன, சிரிக்கலாம். வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. அப்பா ஒரு படி மேலே போய்ப் பூட்டுப் போட்ட பெட்டியே வாங்கி வந்து வைத்திருந்தார். ஆனாலும் நான் மாட்டிக்கொண்டேன்.

எண்பதுகளின் பிற்பாதி. பொம்மிடிப் பக்கம் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். மில்லுக்கே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு தனி அறை, அந்த அறைக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். தூசி வரக் கூடாதென்று ஜன்னலை ஆணியடித்து மூடியிருந்தார்கள். வெளியே மழை பெய்தால் யாராவது நனைந்து வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

அந்த எந்திரத்துக்குள் எதுவும் தங்காது. கரண்ட்டை நிறுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். தொழிலாளர்களின் வருகை, சம்பளம், பிடித்தம், போனஸ் எல்லாமே பிளாப்பிகளில்தான் இருந்தன. அவை கறுப்பு உறை போட்ட, கையில் பிடித்தால் வளைகிற மெல்லிய தட்டுகள். ஒன்று கெட்டால் இன்னொன்று வேண்டுமே என்று தினமும் சாயங்காலம் எல்லாவற்றுக்கும் நகல் எடுப்பேன். எந்திரத்துக்குத் தட்டைச் செருக ரெண்டு வாய். இடது வாயில் மூலம், வலது வாயில் நகல். கை மாறிப் போட்டால் வெற்றுத் தட்டின் வெறுமை நிறைந்த தட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ரெண்டு செட்டும் ஒரே கட்டடத்தில் இரவு தங்கக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். பஞ்சு இருக்கும் இடம், தீப்பிடித்தால் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ரெண்டாவது செட்டை டிபன் டப்பாவில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய், தருமபுரியில் இருந்த மில்லின் டவுன் ஆபீஸ் பீரோவில் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இஞ்சின் சூடு ஆகாது என்று முன் சீட்டில் உட்கார மாட்டேன். கூட்டத்தில் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பேன். "இன்னாம்மா, முட்டையா? அடகாக்கறியா?" என்பார் கண்டக்டர். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் தட்டுக்குக் காய்ச்சல் கிடையாது. லீவு என்று ஒன்றை நான் கண்டதே இல்லை.

இந்த நிலையில்தான் பெங்களூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து வேலை உத்தரவு வந்தது. தீபாவளி கழிந்த திங்கட்கிழமை சேர வேண்டும். மேனேஜரிடம் போய் நின்றேன்.

"நல்லதும்மா, போ. நானா வேணாங்கறன்? ஆனா பாரு, எல்லாத்துக்கும் ரெண்டு வெச்சிருக்கறோம். உனக்குத்தான் ரெண்டாவது இல்ல. ஒருத்திக்குக் கத்துக்குடுத்துட்டுக் கெளம்பு."

நியாயமாகத்தான் பட்டது. டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாயின் மகளை வேலைக்கு எடுத்தார்கள். டைப்ரைட்டிங் முடித்தவள். விரல் என்னைவிட வேகம், நாக்கு அதைவிட வேகம். "இதுக்கு ஏன்க்கா இவ்ளோ பயப்படறீங்க? தட்டுதான, பாம்பா?" என்பாள். எனக்குத் தெரிந்த அத்தனையையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தட்டின் எந்த ஓரத்தில் வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டினால் எந்திரம் அதில் எழுதாது என்பதிலிருந்து, எந்த பஸ்ஸில் கூட்டம் குறைவு என்பது வரை. என் விடுதலைக்காகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் ஒன்றைக்கூட ஒளிக்கவில்லை. மேனேஜர் அவளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஆயுத பூஜை முடிந்ததும் என்னை விடுவிப்பதாகச் சொன்னார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவரே கூப்பிட்டு, டவுன் ஆபீஸ் செட்டையும் காலையில் எடுத்துவரச் சொன்னார்.

"சார், ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது மத்த நாளைக்கு. சரஸ்வதிக்கு முன்னால ஒண்ண வெச்சுட்டு ஒண்ண பீரோவுல பூட்டிட்டு வருவியா? அதுவும் நம்ம ஆயுதந்தானே?"

கொண்டுவந்து மேசையில் வைத்தேன். பொரி கலக்கக் கூப்பிட்டார்கள், போனேன். திரும்பி வருவதற்குள் கணக்கர் பூஜையைச் சிறப்பாக முடித்துவிட்டிருந்தார். எந்திரத்துக்கு மாலை. தட்டுகளை மேல் காகித உறையிலிருந்து உருவி வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். தட்டில் ஒரு நீள்வட்டத் திறப்பு இருக்கும். எந்திரம் படிப்பது அதன் வழியாகத்தான், விரல்கூடப் படக் கூடாத இடம். பொட்டு வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ரெண்டு செட்டுக்கும் பாரபட்சமில்லாமல் வைத்திருந்தார்.

"அய்யோ" என்று கையை நீட்டினேன். கணக்கர் குறுக்கே வந்தார்.

"தொடக் கூடாதும்மா. சாமிக்கு வெச்சத இன்னிக்கி எடுக்கப்படாது. காலையில எடுத்துக்கோ."

"காயறதுக்குள்ள தொடச்சிட்டா பொழச்சிக்குமுங்க!" என்றேன். மேனேஜர் என் தோளைத் தாண்டி சாமியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கதவுக்கு வெளியே பொரியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அந்தப் பெண்ணும் நின்றோம். ஏசி போடாத அந்த மூடிய அறைக்குள் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழவும் செய்தேன்.

மறுநாள் பஞ்சால் துடைத்தோம். குங்குமம் மேலும் உள்ளே போனது. முதல் தட்டைப் போட்டதும் எந்திரம் கரகரவென்று தொண்டை கட்டியதுபோலக் கத்தியது. இருந்த நம்பிக்கையில் அடுத்த செட்டிலிருந்து ஒன்றைப் போட்டோம், அதுவும் கத்தியது. சேலத்திலிருந்து மெக்கானிக் வந்து எந்திரத்தைச் சரிசெய்துவிட்டு, தட்டுகளைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

தீபாவளி போனஸுக்கு ஒரு வருஷ வருகையையும் தொழிலாளர்களின் வருகை அட்டைகளைப் பார்த்து முதலிலிருந்து அடிக்க வேண்டும். மேனேஜர் கணக்கரைத் திட்டவில்லை, சாமி காரியம். என்னைத்தான் கூப்பிட்டார். "போனஸ் வரலன்னா ஆளுங்க கேட்ல வந்து நிப்பாங்க. எல்லாத்தையும் மறுபடி ஏத்திட்டுப் போம்மா." நூல் நூற்கிற பெண்கள் கொஞ்சப் பேர் அறைவாசலில் வந்து நின்று, "போனஸ் வந்துடுங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களை விட்டுவிட்டு எப்படிப் பெட்டி கட்டுவது? எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் அடித்தோம். போனஸ் தீபாவளிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது, ஆனால் மற்ற கணக்கு அப்படியே மலையாகக் கிடந்தது. கொஞ்சம் அவகாசம் கேட்டு பெங்களூருக்கு எழுதினேன். காத்திருக்க முடியாது, இதே வேலை தெரிந்த வேறு யாராவது இருந்தால் அந்தத் திங்கட்கிழமையே அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

அதை மேசையில் போட்டுவிட்டு அடுத்த அட்டையை எடுத்தேன். அவள் எடுத்துப் படித்தாள்.

"அக்கா, எங்க அக்காவ பெங்களூர்லதான் குடுத்திருக்குது. அவ வூட்டுல தங்கிக்குவன். நான் போவட்டுமா?"

போ என்றுதான் சொன்னேன். சொன்ன வாய் எரிந்தது. மேனேஜர் விடமாட்டார் என்று உள்ளுக்குள் ஒரு அற்ப நம்பிக்கை வேறு. அவள் போய்க் கேட்டபோது அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நீ ரெண்டாவது ஆளுதானம்மா. தாராளமாப் போயிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டப்பாவோடு தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பெங்களூர் பஸ் புறப்பட நின்றது. ஜன்னலோரம் அவள். "அக்கா!" என்று கையை வெளியே நீட்டினாள். என் ரெண்டு கையும் டப்பாவில் இருந்தன. தலையை மட்டும் ஆட்டினேன். பஸ் போனதும் டவுன் ஆபீஸுக்கு நடந்து பீரோவைத் திறந்து, புது செட்டை உள்ளே வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் காலை செருப்பைக் கழற்றும்போதே மேனேஜர் சந்தோஷமாக எதிரே வந்தார்.

"கவலப்படாதம்மா, வேறொரு பொண்ணு பாத்துட்டன். நாளைக்கி வந்துரும். நீ கத்துக்குடு."