மயிலத்தில் மதியம் மூன்று மணிக்கு இராத்திரி

தொலைக்காட்சியில் ராத்திரி பத்தரைக்கு வரும் அரட்டை நிகழ்ச்சியை நேரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதிலும் ஒரு ராக் பாண்டு வாசிப்பதைப் பத்தடி தூரத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலேயே இந்த விஷயத்தை முதலில் எழுதுகிறவன் நான்தான். ஆசியாவிலேயே என்றும் சொல்லலாம். தேடிப் பார்த்தேன், வேறு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

போனது சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு டிரம்ஸ் வாசித்தது என் மகள். அவள் என்னோடு பேசி ஒரு வருஷம் நான்கு மாதம் ஆகியிருந்தது.

நான் விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. படிப்பு ஒன்பதாம் வகுப்பு. அதற்குமேல் வேண்டாம் என்று வாத்தியார்களே கேட்டுக்கொண்டதால் நின்றேன். என் மகள் மண்டியில் காலி எண்ணெய் டின்களைக் கவிழ்த்துப் போட்டு அடித்து வளர்ந்தவள். அந்தச் சத்தத்துக்குத் தெருவே வந்து நிற்கும். ஒருமுறை கலெக்டர் காரே நின்றது. ரயில்வே கேட் சாத்தியிருந்ததால் நின்றது என்று என் மனைவி கஸ்தூரி சொல்வாள். கேட் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றது என்பது என் ஞாபகம்.

மகள் சென்னையில் மூன்று பையன்களோடு சேர்ந்து பாண்டு ஆரம்பித்தாள். பாண்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் மண்டியில் விற்கிற சரக்குக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் உண்டு, அதற்குமேல் கேட்காதீர்கள். அன்றிலிருந்துதான் நான் காலை ஐந்து மணிக்கு எழுந்து வெளிநாட்டு ராத்திரி நிகழ்ச்சிகளைப் போனில் பார்க்க ஆரம்பித்தேன். அவர்களுக்கு ராத்திரி, நமக்குப் பல் துலக்கும் நேரம். ஆயிரம் பாண்டாவது பார்த்திருப்பேன். நடிகர் பேசுவார், அடுத்து இன்னொருவர் பேசுவார், எல்லாரும் பேசி முடித்த பிறகு கடைசியில் பாண்டுக்கு ஒரே ஒரு பாட்டு. அந்தப் பாட்டு முடிந்து சத்தம் அடங்குவதற்குள் நிகழ்ச்சி நடத்துகிறவர் கைதட்டிக்கொண்டே வந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார். டிரம்ஸ்காரர் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவர் வரைக்கும் கை போகுமா, போவதற்குள் நேரம் முடிந்துவிடுமா என்று டீ ஆறுவது கூடத் தெரியாமல் பார்ப்பேன். பாதி நாள் போகாது.

அப்படியொரு அமெரிக்க நிகழ்ச்சிக்கு இவர்கள் ஒரு வீடியோ அனுப்பினார்கள். பதில் வந்தது. தீபாவளிக்கு வந்திருந்தபோது மகள் போனில் அதை நானே பார்த்தேன். 'உங்கள் வீடியோ வந்து சேர்ந்தது, நன்றி' என்று கம்ப்யூட்டர் தானாக அனுப்பிய பதில்தான் அது. எனக்கு நன்றி என்ற வார்த்தை போதுமானதாக இருந்தது. அழைக்காமலா நன்றி சொல்வான்? மறுநாளே நான்குமுனை சந்திப்பில் பன்னிரண்டுக்கு எட்டு அடியில் பேனர் வைத்தேன். இடது பக்கம் என் மகள், வலது பக்கம் கோட்டுப் போட்ட அமெரிக்க நிகழ்ச்சிக்காரர், நடுவில் வணங்கியபடி நான். 'அமெரிக்கத் தொலைக்காட்சியை அதிரவைக்கப் போகும் விழுப்புரத்து வீராங்கனை.' யாரோ படம் பிடித்துப் போட்டார்கள், ஊர் ஊராகப் பரவிவிட்டது. அதன்பிறகு அவர்கள் எங்கே வாசித்தாலும் கூட்டத்திலிருந்து ஒருவன் 'அமெரிக்கா எப்ப?' என்று கத்துவானாம். ஒரு மேடையில் பாடகன் அழுதுகொண்டே இறங்கினானாம்.

அவள் வீட்டுக்கு வந்து துணியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று சொன்னாள்:

"நான் வாசிக்கற எடத்துல நீ வாயத் தொறக்கக் கூடாதுப்பா. தொறந்தா, பாதிப் பாட்டா இருந்தாலும் நான் எழுந்து போய்டுவேன்."

அதோடு போனவள்தான். அம்மாவோடு மட்டும் பேசுவாள். மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் 'தூக்கம் வரலையா' என்ற அந்தப் பத்தரை மணி அரட்டை நிகழ்ச்சியின் சிறப்புப் படப்பிடிப்பு, அதில் இவர்கள் வாசிக்கிறார்கள் என்ற செய்தி கஸ்தூரி மூலம்தான் வந்தது. கல்லூரி விடுமுறை, மாணவர்கள் இல்லை. அதனால் பார்வையாளர்களைத் திண்டிவனத்திலிருந்து வேனில் கூட்டிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு என் பெயரையும் கொடுத்தேன். கஸ்தூரி ஒன்றுதான் சொன்னாள்.

"போறதுன்னா போ. வாய மட்டும் இங்க வெச்சிட்டுப் போ."

விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் காலை 10.20க்கு பஸ். திண்டிவனத்துக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பத்து நிமிஷம் நின்றது. ஜன்னலோரம் கிடைத்தால் இடது பக்கம் உட்காருங்கள், காலையில் வெயில் வலது பக்கம் அடிக்கும். வழியில் கூட்டேரிப்பட்டு கூட்ரோடு வரும். மயிலத்துக்கு அங்கேதான் திரும்ப வேண்டும். எனக்குத் தெரிந்தும் இறங்க முடியாது, ஏனென்றால் வேனில் வந்தால்தான் உள்ளே விடுவார்கள். திண்டிவனம் வரை போய், வந்த வழியே திரும்பி வர வேண்டும்.

11.25க்குத் திண்டிவனம். மேம்பாலத்துக்குக் கீழே மூன்று வேன்கள் நின்றன. கூட்டத்தைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்த சுமதி என்ற பெண், கையில் பட்டியலோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சார், வெள்ளச் சட்ட வேணாம்னு மெசேஜ்ல போட்டிருந்தேனே. லைட் பட்டா கேமராவுல எரியும் சார். நீங்க கடைசி வரிசைல உக்காந்துக்கங்க."

"கடைசி வரிசையா? எனக்கு முன் வரிசை வேணும்மா."

"கலர் சட்ட இருந்தா முன்னாடி. இல்லன்னா பின்னாடி. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று புது வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனவன் நான். எனக்கு முன் வரிசை ஏன் வேண்டும் என்று யாருக்கும் விளக்க முடியாது. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என் மகள் பார்க்க வேண்டும். அவள் பார்க்காத இடத்தில் மூடி வைத்து என்ன பிரயோஜனம்?

வேன் டிரைவர் ஏழுமலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார். பெரிய நீலக் கட்டம் போட்ட சட்டை.

"இன்னா பெருசு, கண்ணாலத்துக்கு வந்தா மாரி வந்துகினு, முன்னாடி வேற குந்தணுமா?"

"உங்க சட்டையக் கொஞ்சம் குடுங்களேன். சாயங்காலம் குடுத்துடறேன்."

"எஞ்சட்டையா? உங்க தொப்பைக்கு இந்த மாரி ரெண்டு சட்டைய சேத்துத் தெக்கணும்."

"மூச்சப் புடிச்சிக்கறேன்."

"புடிங்க புடிங்க. பட்டன் தெறிச்சி கேமரா ஒடஞ்சா நான் பொறுப்பில்ல, சொல்ட்டேன்."

வேனுக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டோம். கீழே இரண்டு பட்டன் போடவே முடியவில்லை, துண்டை மடியில் போட்டு மறைத்தேன். டீசல் வாசனை. அவர் என் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "கவுன்சிலர் மாரி கீறேன்ல?" என்றார். கவுன்சிலர் என்ன, எம்.எல்.ஏ. மாதிரியே இருந்தார்.

கல்லூரிக்கு 12.40க்குப் போனோம். உணவுப் பொட்டலம் கொடுத்தார்கள், தக்காளி சாதம், ஒரு வடை. போனை உறையில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே பிடரியில் அடிக்கிற வெயில். கலையரங்கத்துக்குள் போனால் ராத்திரி. எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி. மேடையின் பின்னால் அட்டையில் செய்த நகரம், கட்டடங்களுக்கு மின்மினி பல்பு, மேலே ஒரு நிலா. மூன்று மணிக்கு நிகழ்ச்சி நடத்துகிறவர் கோட்டோடு வந்து "இரவு வணக்கம்" என்றார். நாங்கள் எல்லாரும் உண்மையிலேயே கொட்டாவி விட்டோம். அவ்வளவு இருட்டு.

நான் முன் வரிசையில் இடமிருந்து நான்காவது நாற்காலி. ஒரு நடிகர் பேசினார், ஒரு சமையல்காரர் பேசினார். கை தட்டச் சொல்லி ஒருவர் பலகை காட்டுவார், அப்போதுதான் தட்ட வேண்டும். 4.35க்கு மேடையின் இடது பக்கம் திரை விலகியது.

அவள் இளைத்திருந்தாள். முடியைத் தோள் வரை வெட்டியிருந்தாள். வலது மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை, வலியோ என்னவோ. கஸ்தூரி இதையெல்லாம் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல நான் விட்டதும் இல்லை, நானேதான் எப்போதும் பேசிக்கொண்டிருப்பேன்.

குச்சியை நான்கு தட்டுத் தட்டி ஆரம்பித்தாள். மூன்று நிமிஷம் ஐம்பது வினாடிப் பாட்டு. முதல் அடியிலேயே என் நாற்காலியின் கால் தரையில் அதிர்ந்தது. இரண்டாவது சரணத்தில் மற்றவர்கள் நிறுத்திவிட, அவள் மட்டும் மெதுவாக, பாய் மேல் மழை விழுகிற மாதிரி ஒரு வாசிப்பு வாசித்தாள். அந்த இடத்தில் தலை நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். கை தப்பவில்லை. கண் மட்டும் நின்றது. நான் உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. நடத்துகிறவர் கைதட்டிக்கொண்டு வந்தார். பாடகனுக்குக் கை கொடுத்தார், இரண்டு கிட்டார்காரர்களுக்குக் கை கொடுத்தார், பின்னால் இருந்தவளுக்குத் தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். 'டிரம்ஸுக்குக் குடுங்க சார்!' என்ற சத்தம் என் தொண்டை வரை வந்தது. தொண்டையோடு விழுங்கினேன். ஐம்பத்தாறு வயதில் நான் விழுங்கிய முதல் வாக்கியம் அதுதான்.

அவர் அதோடு விடவில்லை. மைக்கை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஐயா இந்த ஊர்க்காரர் மாதிரி இருக்கீங்க. இந்தப் பாண்டைப் பத்திச் சொல்லுங்க."

மைக் என் கைக்கு வந்துவிட்டது. கேமரா திரும்பியது. அறுபது பேர், நாலு கேமரா, தமிழ்நாடு முழுக்கக் கேட்கும். எண்ணெய் டின் கதை, கலெக்டர் கார், என் ரத்தம் என்ற பெருமை, எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. மேடையில் அவள் இரண்டு குச்சியையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அவ்ளோதானா? மைக்க நீட்டினா எல்லாரும் புடுங்கிக்குவாங்க. நீங்க தானம் பண்றீங்க!" என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள்.

வெளியே வந்தபோது 5.30, இன்னும் நல்ல வெயில். கண் கூசியது, அதனால் கண்ணில் தண்ணீர். ஏழுமலையிடம் சட்டையை மாற்றிக்கொண்டேன், என் காலரில் கிரீஸ் அப்பியிருந்தது. கேட் பக்கம் நடக்கும்போது பாண்டு வேன் பக்கத்தில் வந்து நின்றது. முன் சீட்டில் அவள்.

"எப்படிப் போவ?"

"திண்டிவனம் போயிட்டு பஸ்ஸு."

"அங்க போயிட்டுத் திரும்ப இந்த வழியாவே வருவியா? ஏறு. நாங்க சென்னைக்குத்தான். கூட்டேரிப்பட்டுல இறங்கிக்க."

ஏறினேன். பெரிய டிரம்முக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் இடம். மணிக்கட்டு என்னவாயிற்று என்று கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை. அவளும் திரும்பவில்லை. வேன் குழியில் ஏறி இறங்கும்போது டிரம்ஸோடு சேர்ந்த பித்தளைத் தட்டு மட்டும் பின்னால் லேசாகக் கிணுகிணுத்தது. கூட்ரோட்டில் இறங்கியதும் ஜன்னலை இறக்கினாள்.

"சனிக்கிழமை போடறாங்க. அம்மாகிட்ட சொல்லு."

"சொல்லலாமா?"

"அம்மாகிட்ட மட்டும்."

அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். ஒளிபரப்பாகி இரண்டு வாரம் கழித்துத்தான் இதை எழுதுகிறேன், அவள் பெயரோ பாண்டின் பெயரோ இல்லாமல். நிகழ்ச்சியில் என் முகம் இரண்டு வினாடி வந்தது என்கிறாள் கஸ்தூரி. நான் ஏழு என்பேன். மகள் இன்னும் எனக்குப் போன் செய்யவில்லை. காலை ஐந்து மணிக்குப் போனைப் பார்க்கிறேன், பாண்டுகளைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், பொடிக் கட்டமும் கேமராவுக்கு ஆகாதாம். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வடை சின்னது. உள்ளே ஏசி அதிகம், துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு மேல் கழிவறைக்கு விடமாட்டார்கள். விழுப்புரத்துக்காரர்கள் திண்டிவனம் போய்த்தான் வர வேண்டும், வேறு வழி இல்லை. போகவர, டீ உட்பட, எனக்கு எழுபத்தைந்து ரூபாய் ஆனது. திரும்பும்போது யாராவது வேனில் ஏற்றிக்கொண்டால் யோசிக்காமல் ஏறுங்கள். கல்லூரி வாசலிலிருந்து கூட்டேரிப்பட்டு கூட்ரோடு வரை நான்கு கிலோமீட்டர், ஏழு நிமிஷம். எதையும் நீட்டிச் சொல்லுகிற ஆள் நான், அந்த நான்கு கிலோமீட்டரை மட்டும் ஒரு அடி கூட நீட்ட முடியவில்லை.