நேர்த்திக்கென்று சொன்ன சேவல்

அந்த முறை என் மனைவியின் புள்ளிப் பேடு ஒன்பது குஞ்சு பொரித்தது. குஞ்சுகளுக்குக் கொண்டை முளைத்ததும் அவள் எண்ணிப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். ஏழு சேவல். ஏற்கெனவே எங்களிடம் மூன்று பேடுகளும் ஒரு கிழட்டுச் சேவலும் இருந்தன. வாவிக்கரையை ஒட்டிய சின்ன வளவில் இன்னும் ஏழு சேவல் நின்றால் பேடுகளை உயிரோடு விடாது.

"ஒண்டொண்டா அறுத்துத் தாங்க, நான் கறியாக்கிறன்," என்றாள்.

கோழி வளர்ப்பது அவள் வேலை, அறுப்பது என் வேலை. எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் அப்படித்தான். ஆனால் எனக்குக் கோழியின் கழுத்தைப் பிடித்தாலே கை நடுங்கும். தலை நரைத்த பிறகு அதைப் பெண்சாதியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சேவலைப் பையில் போட்டுக்கொண்டு, "கரையில வைச்சு அறுத்துக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை நேரே ஏறாவூருக்கு விடுவேன். அங்கே கோழிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் நானா, அறுத்து, உரித்து, கழுவித் தருவார்.

"ஏன் சேர், ஊட்டுல கத்தி இல்லையா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவேன்.

ஆறு சேவல் இப்படியே முடிந்தன. "எங்கட அவர் அறுத்தா ஒரு இறகு மிஞ்சாது," என்று மனைவி அயல் வீட்டில் பெருமை பேசினாள். எனக்குக் கொஞ்சம் உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதையும் மறைப்பானேன்.

ஏழாவது, சிவப்புச் சேவல். அடுத்த ஞாயிறு அதற்கு என்று இருந்தது. அதற்குள் ஒரு புதன்கிழமை, கரடியனாற்றிலிருந்து மனைவியின் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வயல் செய்கிற கமக்காரர், எதையும் கையோடு முடிக்கிற ஆள். தங்கை சேவலைக் காட்டியதும் எட்டிப் பிடித்து, இரண்டு காலையும் சேர்த்து என்னிடம் நீட்டினார்.

"வாங்க மச்சான். கத்தி எங்க? நான் பிடிச்சுக்கொள்ளுறன், நீங்க அறுங்க."

ஏறாவூருக்கு ஓட வழியில்லை. மனைவி கத்தியோடு வந்துவிட்டாள். என் வாய் தானாகச் சொன்னது:

"அத அறுக்கேலாது. அது அம்மாளுக்கு நேர்ந்தது."

"எப்ப நேர்ந்த?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒப்பரேசன் நடக்கக்குள்ள. நல்லபடியா முடிஞ்சா ஒரு சிவப்புச் சேவல் தாறன் எண்டு."

அதற்கு முந்தைய வருடம் அவள் வயிற்றில் ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுறுக்காக வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மச்சான் சேவலை மெதுவாகக் கீழே விட்டார். மனைவி கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒரு சொல்லும் சொல்லல்லையே நீங்க," என்றாள்.

அன்று முட்டைப் பொரியலோடு சாப்பிட்டோம். மச்சான் என்னை முன்னெப்போதும் இல்லாத மரியாதையோடு பார்த்தார்.

பிறகுதான் வினை தொடங்கியது. நேர்ந்துவிட்ட சேவலைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, விற்கவும் கூடாது. அம்மாள் கோயிலின் வருடச் சடங்குக்கு இன்னும் மாதங்கள் கிடந்தன. சிவப்புச் சேவல் முதலில் கிழட்டுச் சேவலைக் கொத்தித் துரத்தியது. பிறகு பேடுகளை ஓய விடவில்லை. அவற்றின் முதுகில் இறகு போய்த் தோல் தெரிந்தது. புள்ளிப் பேடு கிணற்றடிக் கல்லுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்து, தீனிக்கும் வரப் பயந்தது. மனைவி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அதன் காயத்துக்குப் பூசுவாள். பூசிவிட்டு, அதே கையால் சேவலுக்கு நெல்லும் போடுவாள்.

"ஏறாவூர்ல குடுத்திட்டு வேற ஒண்டு வாங்கி நேர்த்தியச் செய்வமா?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

"விசர்க் கதை கதைக்காதீங்க. என்ர உயிருக்கு நேர்ந்தத மாத்துறதா?"

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்துப் புள்ளிப் பேடு காயம் சீழ் கட்டிச் செத்தது. அவளுக்கு அது வெறும் கோழி அல்ல. ஆஸ்பத்திரியால் வந்து படுத்துக் கிடந்த நாட்களில் அவள் கட்டிலுக்குக் கீழே வந்து முட்டையிட்ட பேடு. அவள் மண்வெட்டியை எடுத்துத் தென்னையடியில் தானே குழி வெட்டினாள். சேவலை ஒரு வார்த்தை வையவில்லை. நான்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்னை நானே வைதேன். அதனால் யாருக்கு என்ன பயன்?

சடங்கு வந்தது. சேவலைக் குளிப்பாட்டி, கழுத்தில் பூ கட்டி, மடியில் வைத்துக்கொண்டு அவள் மோட்டார் சைக்கிளில் என் பின்னால் ஏறினாள். கோயிலில் நேர்த்திக்காரர் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வந்ததும் பூசகர் சேவலை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"யாருக்கு நேர்ந்த? என்ன கேட்ட? அம்மாளுக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லுங்க."

"இவள் நல்லா இருக்கணும்," என்றேன்.

மனைவி என் கையைத் தொட்டாள். "அது இனிமேலுக்குக் கேக்கிறது. அண்டைக்கு என்ன கேட்டீங்களோ, அதச் சொல்லுங்க. எனக்கும் கேக்க ஆசை."

அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளை உள்ளே கொண்டு போன பிறகு ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் மீன் ரோல்ஸ் தின்றுகொண்டு, இரண்டு நாள் லீவு வீணாய்ப் போகிறதே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சலித்துக்கொண்டிருந்தேன். அம்மாள் நினைவு வரவில்லை. அவள் நினைவுகூட வரவில்லை.

சேவல் அவள் கையில் அமைதியாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள்.

"இவள் என்னட்டத் திரும்பி வரணும் எண்டு கேட்ட நான்," என்றேன்.

சொன்ன பிறகுதான், அன்றைக்கு அவள் திரும்பி வராமலும் போயிருக்கலாம் என்பது எனக்கு உறைத்தது. அவள் முகம் மலர்ந்து, இரண்டு கையாலும் சேவலைப் பூசகரிடம் கொடுத்தாள்.