ஆச்சரியக்குறி போட்ட காலை

தொண்ணூறுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். காலையில் நான், மதியத்துக்கு மேல் ஓர் அக்கா. அவர் சேர்ந்து மூன்றாவது மாதம். அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

நாங்கள் டைப் அடிக்கும் எடிட்டர் மென்பொருளில் நாமே சின்னச் சின்ன ஃபங்ஷன் எழுதி வைக்கலாம். ஒரு பெயர் வைத்து, செய்யவேண்டியதைக் கீழே எழுதிவிட்டால், பெயரைச் சொன்னதும் செய்துவிடும். ஒரு காலை, நீளமான பட்டியலில் வெற்று வரிகளை நீக்க ஒன்று எழுதி 'சுத்தம்' என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றத்தான் வேண்டுமென்றால் ஆச்சரியக்குறி சேர் என்றது எடிட்டர். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். இருந்தால் இருக்கட்டுமே! சேர்த்தேன். பழையது யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை.

அது அக்காவுடையது. வரிக் கடைசியில் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களை மட்டும் துடைப்பது. அன்று மதியம் செம்பாக்கத்து நர்சரி பள்ளி ஒன்றின் வினாத்தாளை அடித்து, வழக்கம்போல 'சுத்தம்' சொல்லி, பிரிண்ட் கொடுத்திருக்கிறார். வினாத்தாளை அச்சாக அச்சாக உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும், நின்று படிக்கக் கூடாது என்பது கடை முதலாளியின் கட்டளை.

பரீட்சையன்று பிரித்தால், கேள்விக்கு அடியிலேயே அடுத்த கேள்வி. விடை எழுத இடமே இல்லை.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் முதலாளி வந்தார். "இன்னாம்மா பண்ணி வெச்சிகீற? புள்ளைங்க எங்க எழுதும், கைலயா? நாளைலேர்ந்து வராத!"

"நான் இடம் விட்டுத்தான் சார் அடிச்சேன்" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் விட்ட வெற்று வரிகளை என் 'சுத்தம்' நீக்கியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிய பிறகுதான் வாய் திறந்தது. "சார், தப்பு என்னுது." நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

முதலாளி கத்தித் தீர்த்துவிட்டு, "போய்க் கூட்டினு வா" என்றார். ரயில்வே கேட் பக்கம் ஓடிப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். அக்கா என்னோடு திரும்பி வந்தார்.

மறுநாள் காலை ஃபங்ஷன்கள் இருக்கும் ஃபைலைத் திறந்தேன். 'சுத்தம்' மறுபடி அவருடையது. என்னுடையதை அழித்திருப்பார் என்று நினைத்தேன். கீழே வேறு பெயரில் பத்திரமாக இருந்தது. அதன் தலையில் ஒரு குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ்: "தம்பி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

குறிப்பு வரிகளை எடிட்டர் படிக்காது. நான் படிக்கத்தான் எழுதியிருந்தார்.