நான் ஓட்டாத பைக்

கண்ணுங்களா, உங்க அப்பா பைக்கில் இருந்து விழுந்தாராமே என்று தெருவில் யாராவது கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள். அப்பாவுக்கு பைக் ஓட்டவே தெரியாது. நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

அப்போது நூம்பலில் ஒரு அடுக்குமாடி கட்டிடத்துக்கு வெளிப்பூச்சு பூசிக்கொண்டிருந்தோம். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டிய சாரத்தின் மேல், இரண்டாவது மாடி உயரத்தில் நான் நின்றிருந்தேன். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இருந்தது. அதன் கொக்கியைக் கட்டிடத்தில்தான் மாட்ட வேண்டும். ஆனால் எல்லோரையும் போல நானும் கைக்கு எட்டிய சாரக் கம்பிலேயே மாட்டிவிட்டேன். மழையில் ஊறிய கட்டு நழுவி சாரம் சாய்ந்தபோது, கம்பு போன பக்கமே பெல்ட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

விழுவது வேகமாக இருக்கும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அப்படி இல்லை. பக்கத்து வீட்டு பால்கனியில் காய்ந்த மஞ்சள் துண்டு மெதுவாக என்னைத் தாண்டி மேலே போனது. சத்தமே இல்லை. பிறகு முதுகுக்குக் கீழே ஈர மணல், ஜில்லென்று. காலில் வலி கொஞ்சம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

ஆட்டோவில், எங்களை வேலைக்கு வைத்த மேஸ்திரி என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கலவை எடுத்துத் தரும் சித்தாள் அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டது. மேஸ்திரி கெட்டவர் இல்லை, அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. குனிந்து என் காதில் சொன்னார்:

"நைனா, டாக்டர் கேட்டா பைக்ல இருந்து வுழுந்துட்டேன்னு சொல்லு. சைட்டுன்னா போலீஸ் வரும், வேலை நின்னுடும். உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. நான் பாத்துக்கறேன்."

எங்கள் தொழிலில் இது வழக்கம். சாரத்தில் இருந்து விழுந்தவன் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது பைக்கில் இருந்து விழுந்தவனாகிவிடுவான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மேலே ஓடிய மின்விசிறி தண்ணீரில் தெரிவது போல ஆடியது. அப்போது மேஸ்திரி சொன்ன பைக் நிஜமாகவே வந்துவிட்டது. சிவப்பு பைக். பின்னால் உங்கள் அம்மா, முன்னால் டேங்க் மேல் நீங்கள் இரண்டு பேரும். திருவேற்காட்டில் பூ வாங்கிக்கொண்டு பூந்தமல்லி பக்கம் போகிறோம். ரோட்டில் ஒரு பள்ளம்கூட இல்லை.

"எப்படி விழுந்தீங்க?" என்று எங்கிருந்தோ டாக்டர் குரல் கேட்டது.

பைக் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் மாதிரியே தெரியவில்லை.

"பைக்குங்க டாக்டர்" என்று மேஸ்திரி முந்திக்கொண்டார்.

என் காலைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். "விரல் இடுக்குல எல்லாம் சிமெண்ட் காஞ்சு கிடக்கு. எந்த ரோட்டுல விழுந்தாரு?"

சித்தாள் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா மேஸ்திரி, இதுக்கு சைக்கிள்லயே பெல்லு மட்டுந்தான் அடிக்கத் தெரியும். பைக்காம் பைக்கு!" என்றது. அப்புறம் சிரிப்பை நிறுத்தி என் பக்கம் குனிந்தது. "எப்பா, காலு உன்னுது. ஊட்ல ரெண்டு புள்ளைங்க கீதுங்க. சைட்ல வுழுந்தா கட்டறவங்க பொறுப்பு. ரோட்ல வுழுந்தா யாரு வருவா? நீயே சொல்லு."

"நீ சும்மா இரும்மா" என்றார் மேஸ்திரி. அவர் குரலில் தெம்பில்லை.

நான் பைக்கை ஓரமாக நிறுத்தினேன். உங்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டேன். பிறகு கண்ணைத் திறந்து, "சாரத்துல இருந்து விழுந்தேன் சார். நூம்பல் சைட்டு" என்றேன். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை வந்தபோது, கட்டிடம் கட்டும் கம்பெனிக்காரர்கள் முதலில் என்னைத் தெரியவே தெரியாது என்றார்கள். அப்புறம், பெல்ட்டைச் சரியாக மாட்டாதது அவன் தப்பு என்றார்கள். மாட்டச் சொல்லிக் கொடுத்தது யார் என்று அதிகாரி கேட்டார். காலில் கம்பி வைத்த செலவும், படுத்துக் கிடந்த மாதங்களின் கூலியும் இழுத்து இழுத்துத்தான் வந்தன. ஆனால் வந்தன. அன்று பைக் என்று சொல்லியிருந்தால் அந்த அலுவலகப் படியையே நாம் ஏறியிருக்க முடியாது.

இப்போது நான் உயரத்தில் ஏறுவதில்லை. ஏறுகிறவர்களின் கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று கீழே நின்று பார்த்துக் கத்துகிறேன். மேஸ்திரியைக் கரையான்சாவடி கடைத்தெருப் பக்கம் எப்போதாவது பார்ப்பேன். "காலு எப்படி கீது?" என்பார், காலைப் பார்க்காமல்.

அந்த சிவப்பு பைக் இப்போதும் சில நாள் தூக்கத்தில் வருகிறது. நீங்கள் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள், அம்மா என் தோளில் கை வைத்திருக்கிறாள். சிக்னலில் நிற்கிறோம். காலைக் கீழே ஊன்றுகிறேன். வலிக்கவில்லை.