திட்டு வாங்கக் கடைக்குப் போனேன்

என் மகள் மெக்சிகோவில் வேலை பார்க்கிறாள். அந்த ஊர்க் கடைகளில் பாக்கெட் தின்பண்டங்களின் முகப்பிலேயே எட்டு மூலை வடிவத்தில் கறுப்பு முத்திரை இருக்குமாம். சர்க்கரை அதிகமென்றால் ஒன்று, உப்பு அதிகமென்றால் ஒன்று, கொழுப்புக்கு வேறொன்று. போன வருடம் விடுமுறைக்கு மைசூர் வந்தவள், என் சமையலறை அலமாரியைத் திறந்து பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

மனைவி இறந்தபின் அந்த அலமாரியில் பருப்பும் புளியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, நூடுல்ஸும் சிப்ஸும் கிரீம் பிஸ்கட்டும் குடியேறியிருந்தன. ஒற்றை ஆளுக்குக் குழம்பு வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. எவ்வளவு குறைத்து வைத்தாலும் மூன்று நாளைக்கு வரும். நூடுல்ஸ் பாக்கெட்டுக்கு நாம் தனி ஆள் என்பது முதலிலேயே தெரிந்திருக்கிறது.

மறுநாள் அவள் கறுப்பு ஸ்டிக்கர் தாள் வாங்கி வந்து எட்டு மூலையாக வெட்டத் தொடங்கினாள். தமிழ் அவளுக்குப் பேச வரும், எழுத வராது. அதனால் வெள்ளை மையில் கன்னடத்தில் எழுதினாள்: சக்கரே ஜாஸ்தி, உப்பு ஜாஸ்தி. ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்து, நெற்றியில் ஒட்டினாள். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் ஊரார் காகிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தியவன் நான். என் பிஸ்கட்டுக்கு முத்திரை விழுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டையில் கோதுமைக் கதிரும் ஓடுகிற மனிதனும் போட்ட பிஸ்கட் ஒன்று. இரண்டு வருடமாக அதைத்தான் புண்ணிய காரியம்போலத் தின்றுவந்தேன். அதற்கு மூன்று கறுப்பு.

"இது டயட் பிஸ்கட்டும்மா."

"ஓடறது அந்த ஆளுப்பா. நீங்க உக்காந்துதானே திங்கறீங்க?"

கிளம்பும்போது ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு, அவளுக்கு அது சனி இரவுச் சமையல் நேரம், வீடியோவில் கூப்பிடுவாள். நான் அலமாரியைக் காட்ட வேண்டும். புதிதாக எது வாங்கினாலும் மிச்சமிருக்கும் ஸ்டிக்கரை நானே ஒட்டிவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை.

முத்திரை வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. குவெம்பு நகர் சூப்பர் மார்க்கெட்டில் எந்தப் பாக்கெட்டிலும் கறுப்பு கிடையாது. ஆனால் என் கண்ணே முத்திரையை ஒட்டிவிடும். யாரோ விஷமக்காரன் போஸ்டரில் மீசை வரைந்துவிட்டுப் போன மாதிரி, சிரிக்கிற குழந்தை படம் போட்ட டப்பாவெல்லாம் எனக்கு மீசையோடு தெரிந்தது. நீட்டிய கை தானே திரும்பி வந்தது. கூடையில் அவரைக்காயும் முட்டையும் கொத்தமல்லியும் மட்டும் போட்டுக்கொண்டு, பில் போடும் பெண் பாராட்டுவாளா என்று பார்த்தேன். அவள் பைக்குத் தனியாகக் காசு கேட்டாள்.

ஒரே மாதத்தில் அலமாரி சுத்தமாகிவிட்டது. அந்த ஞாயிறு காட்டினேன். "சூப்பர்ப்பா. ஒடம்பைப் பாத்துக்கோங்க" என்றாள். பேச்சு முடிந்ததும் போன் தானாகவே கணக்குச் சொன்னது: மூன்று நிமிடம் நாற்பது நொடி.

அடுத்த ஞாயிறு வரை வேறு யார் பேசினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டுமா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். என்னிடம் கார் இல்லை. அதைச் சொல்லாமலேயே கால் மணி நேரம் ஓட்டினேன். கடைசியில் என்ன கார் என்று கேட்டுவிட்டாள்.

பிறகு ஒரு வாரம், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் புத்தி கெட்டு ஒரு சிப்ஸ் வாங்கிவிட்டேன். ஒப்பந்தப்படி ஒட்டி, ஞாயிறு காட்டினேன்.

"ஏன்பா, ப்ராமிஸ் பண்ணீங்கல்ல? சும்னே, சும்மாதான் பண்ணீங்களா? பிபி மாத்திரையும் போட்டுக்கிட்டு இதையும் திங்கறீங்க!"

திட்டு அங்கே தொடங்கி, என் பிடிவாதம், அம்மா என்னோடு பட்ட பாடு, அவள் ஆபீஸில் ஒருத்தி செய்யும் அழிச்சாட்டியம், வீட்டுக்காரம்மாவின் பூனை என்று எங்கெங்கோ போய் மறுபடி சிப்ஸுக்கு வந்து நின்றது. இருபத்தெட்டு நிமிடம். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். சிரிப்பது தெரிந்துவிடக் கூடாதே.

அதன்பின் நான் கடைக்குப் போனது பாக்கெட்டுக்காகத்தான். தின்பதற்கில்லை, காட்டுவதற்கு. ஒரு கறுப்பு வாங்கினால் பத்து நிமிடம் தேறும். மூன்று கறுப்பென்றால் அரை மணி நேரம். ஆகவே மூன்றாகத் தேடினேன். ஒருநாள் வரிசைக்கு நடுவில் நின்று, பின்பக்கத்து உப்புக் கணக்கைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த ஊரில் பிழைத்தாலும் எண்ணுவது மட்டும் தமிழில்தான் வருகிறது. நர்ஸ் உடையில் ஒரு பெண் பக்கத்தில் வந்தாள்.

"அங்கிள், தமிழா? இவ்ளோ பாத்துப் பாத்து வாங்கறீங்களே. பையன் டிபனுக்கு எது வைக்கலாம்னு சொல்லுங்களேன்."

கேட்டுவிட்டாளே! நான் ஒரு பிரசங்கம் செய்தேன். முகப்பில் படம், முதுகில் உண்மை என்றேன். மெக்சிகோவைச் சொன்னேன். "இதை மட்டும் தொடாதீங்கம்மா. மூணு கறுப்பு" என்றேன். அவள் கையிலிருந்த பிஸ்கட்டை வைத்துவிட்டு வறுகடலை எடுத்தாள். பிறகு என் கூடையைப் பார்த்தாள். அதே மூன்று கறுப்பு, இரண்டு பாக்கெட்.

"அப்ப இது?"

"மகளுக்கு."

"சின்னப் பொண்ணா?"

"முப்பத்திரண்டு."

வார்டில் சொன்னது கேட்காத நோயாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

எல்லா வாரமும் எப்படியோ ஓடியது. மூன்றாவது மாதம் பரிசோதனை முடிவு வந்தது. ஏற்பாட்டின்படி அனுப்பிவைத்தேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன். ஞாயிறு எட்டு மணிக்கு அவள் நல்லவிதமாகவே தொடங்கினாள்.

"சுகர் இறங்கியிருக்குப்பா. அலமாரியைக் காட்டுங்க."

பதினொரு பாக்கெட், வரிசையாகக் கறுப்பு பூசிக்கொண்டு நின்றன.

"இவ்ளோ தின்னா எப்படி இறங்கும்?"

"உடம்பு வாகும்மா."

"அந்தப் பச்சைப் பாக்கெட்டைத் திருப்புங்க. கிட்ட. இன்னும் கிட்ட." தேதியைப் படித்தாள். "இது கெட்டுப்போயே ஒரு மாசமாச்சு. பிரிக்கவே இல்லையே. அடுத்தது காட்டுங்க."

பதினொன்றையும் காட்டினேன். ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

"அப்ப எதுக்குப்பா வாங்கினீங்க?"

கையிலிருந்த பாக்கெட்டை அலமாரியில் திருப்பி வைத்தேன்.

"கறுப்பு இருந்தா நீ ரொம்ப நேரம் திட்டற."

அவள் முகம் திரையைவிட்டு விலகியது. சுவர் மட்டும் தெரிந்தது. பிறகு திரும்பி வந்தாள்.

"இனிமே அதெல்லாம் வாங்காதீங்க. நாளைக்கும் கூப்பிடறேன். திட்ட மாட்டேன்."

"திட்டாம என்ன பேசுவே?"

யோசித்தாள். நானும் அவளுக்காக யோசித்துப் பார்த்தேன்.

"தெரியலப்பா" என்றாள்.

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அதைச் சமையல் மேடைமேல் மல்லாக்க வைத்தாள். எனக்கு அவள் வீட்டு விட்டம் தெரிந்தது. நானும் என்னுடையதை மேஜையில் மல்லாக்க வைத்தேன். அவளுக்கு என் மின்விசிறி தெரிந்திருக்கும். அங்கே ஏதோ நறுக்குகிற சத்தம், பிறகு குழாய்த் தண்ணீர். நடுவில் ஒருமுறை, "இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்" என்றேன்.