மாமாவின் பங்கு

ஒன்பது வயதில் எனக்கு இரண்டு இடங்களில்தான் வழி தெரியும். ஒன்று இத்தாலியில் நாங்கள் குடியிருந்த, பலெர்மோ நகரத்தின் போர்கோ வெக்கியோ பகுதி. மற்றது சுவீடனில், காட்டுக்கு நடுவே, இருநூறு பேர்கூட இல்லாத ஒரு பங்கு. இரண்டாவது இடத்துக்கு நான் ஒருநாளும் போனதில்லை. பங்கு என்றால் ஒரு தேவாலயமும் அதைச் சேர்ந்த வீடுகளும் வயலும் காடும். நாங்கள் சைவ சமயக்காரர். அந்தச் சொல்லையே மாமா சொல்லித்தான் அறிந்தேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. வன்னியில் சண்டை முடிந்தபின் அம்மா அப்பாவைக் கட்டி இத்தாலிக்கு வந்துவிட்டார். மாமா பல வருடம் கழித்து எப்படியோ சுவீடன் போய்ச் சேர்ந்து அகதி விண்ணப்பம் போட்டார். அந்தப் பங்கில், பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் அவரையும் வேறு சிலரையும் தங்கவைத்திருந்தார்கள். முடிவு வரும்வரை அவருக்குக் காத்திருப்பதுதான் வேலை. சண்டைக்குப் பிறகு ஊரில் முகாமில் இருந்தவர் என்பதால் அதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

நான்காம் வகுப்பில் ஆசிரியை ஒரு வேலை தந்தார். சொந்தக்காரர் ஒருவர் வாழும் இடத்தின் வரலாற்றையும் புவியியலையும் தேடி எழுதி வகுப்பில் பேசவேண்டும். மற்றப் பிள்ளைகள் மிலானோ, ஜெர்மனி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் மாமாவின் பங்கை எடுத்தேன்.

"எனக்கு வேறை என்ன வேலை? மருமகளுக்கு முழுப் பங்கையும் நடந்து காட்டுறன்," என்றார் மாமா.

சொன்னபடியே காட்டினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீடியோவில் வருவார். போனைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பார். வெள்ளைச் சுவர் வைத்த கல் தேவாலயம், அதற்குக் கொஞ்சம் தள்ளி மரத்தால் செய்த மணிக்கூண்டு, நடுவில் நீண்ட ஏரி, மேற்கே சதுப்பு நிலம், வடக்கே பாறை மேடு. அந்த மேட்டோடு பங்கு முடிந்துவிடும். முந்தி ஞாயிறு பூசைக்குச் சனங்கள் வள்ளத்தில் ஏரியைக் கடந்து வந்தார்களாம். மாரியில் உறைந்த ஏரியின்மேல் சறுக்கு வண்டியில் வந்தார்களாம். எல்லாம் தேவாலயத்தைத் திறந்து பூட்டும் திறப்பை வைத்திருந்த ஒரு வயதான பெண் சொன்னது. அவரும் மாமாவும் பாதி கையாலும் பாதி போனின் மொழிபெயர்ப்பாலும் கதைத்துக்கொண்டார்கள்.

ஒரு தடவை, உறைபனியில் பயிர் செத்துப் பஞ்சம் வந்த வருடங்களைப் பற்றி மாமா சொன்னார். "மரப்பட்டையை இடிச்சு மாவோடை கலந்து ரொட்டி சுட்டவையாம். பிறகு பாதிப்பேர் அமெரிக்காவுக்குப் போயிட்டினம்."

அம்மா குசினியிலிருந்து, "சண்டைக்குள்ளை நாங்கள் வெறுங் கஞ்சி குடிச்சதைச் சொன்னனியோ அந்த மனிசிக்கு?" என்று கேட்டார்.

"சொன்னனான் அக்கா. அவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டா."

எனக்கு அது கட்டுரைக்குத் தேவையில்லாத கதை. எழுதவில்லை.

நான் பேசவேண்டிய நாள் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை மாமா செத்துப்போனார். அந்தப் பங்கில் கடை கிடையாது. பக்கத்துப் பங்கின் கடைக்குக் காட்டு வழியே சைக்கிளில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவரை மரம் ஏற்றிவந்த லொறி ஒன்று அடித்துவிட்டது. பின்னேரம் மூன்றரைக்கே அங்கே கும்மிருட்டு. எனக்குச் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை முடியட்டும், பிறகு சொல்லுவம்," என்று அப்பா முடிவெடுத்தாராம். உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை, அங்கேதான் அடக்கம். அம்மாவின் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, அப்போது புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. கையில் இருந்த ரசீதுத் துண்டோடு சுவீடனுக்குப் போக முடியாது. அப்பா இரண்டு தரம் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போய் வந்தார்.

புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா வீட்டில் இருந்தார். அந்த நேரத்தில் அவர் கால்சாப் பக்கத்தில், சிஞ்ஞோரா என்று நாங்கள் சொல்லும் எசமானியின் வீட்டில் வேலையில் இருக்கவேண்டும். தலையிடி என்றார். கண் வீங்கியிருந்தது. கட்டுரைக்காக நான் கீறிய பங்கின் வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

"செத்த ஆக்களை எங்கை புதைக்கிறவை, பிள்ளை?"

"சேர்ச்சைச் சுத்தித்தான். கல்லு மதில் இருக்கு."

"வேறை சமயத்து ஆக்களையும் விடுவினமோ?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல விருப்பமில்லாமல், "ஓம், விடுவினம்," என்றேன்.

"அந்த இடத்திலை வெயில் படுமோ?"

"தெற்குப் பக்கம் எண்டால் படும்."

அம்மா என் கட்டுரையில் இவ்வளவு அக்கறை காட்டியது அதுதான் முதல் தடவை. உற்சாகத்தில், கடைசியில் சொல்லலாம் என்று ஒளித்துவைத்திருந்த தகவலையும் எடுத்துவிட்டேன். "அம்மா, அந்தக் காலத்திலை மாரியிலை ஆரும் செத்தால் புதைக்க ஏலாது. நிலம் கல்லாகிப் போயிடும். பெட்டியை ஒரு கொட்டிலுக்குள்ளை வைச்சிருந்து, பனி உருகினாப் பிறகுதான் கிடங்கு வெட்டுறவை."

அம்மா எழுந்து குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சொல்லி முடிக்குமுன் எழுந்து போய்விட்டாரே என்று எனக்குக் கோபம்.

வெள்ளிக்கிழமை நான் பேசத் தொடங்கியபோது வகுப்பறைக் கதவடியில் அம்மா நின்றார். வேலைக்குப் போடும் அதே சப்பாத்து. ஆசிரியை கதிரை காட்டியும் இருக்கவில்லை. நான் ஏரியிலிருந்து தொடங்கி மரப்பட்டை ரொட்டிவரை ஒன்றும் விடாமல் சொன்னேன். ஆசிரியை பாராட்டிவிட்டு, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். ஒருவன் ஓநாய் உண்டா என்று கேட்டான். பிறகு அம்மா கையை உயர்த்தினார்.

அங்கே குடும்பம் என்று ஒருவரும் இல்லாத ஆளின் கல்லறையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் கேள்வி. அம்மாவின் இத்தாலியனில் வினைச்சொற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அதை மறைக்க, திறப்புக்காரப் பெண் சொன்னதாக மாமா சொன்னதைச் சத்தமாக ஒப்பித்தேன். யாரும் தேடி வராவிட்டால் சில காலம் பார்த்திருந்துவிட்டுக் கல்லை எடுத்துவிடுவார்கள். அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அம்மா "கிராட்சியே" என்று நன்றி சொன்னார். எனக்கல்ல, ஆசிரியைக்கு.

வீட்டுக்கு வரும் வழியில், "இனிப் பள்ளிக்கூடத்துக்கு வராதேங்கோ அம்மா. நீங்கள் கதைக்கேக்கை சிரிக்கினம்," என்றேன்.

"ஓம்," என்றார் அம்மா. "இனி வரமாட்டன்."

ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொன்னார்கள். அழுதேன். மாமாவுக்காகத்தான். அம்மா அன்று வந்து நின்றது என் பேச்சைக் கேட்கத்தான் என்று அதற்குப் பிறகும் வெகுகாலம் நினைத்திருந்தேன். தன் தம்பி கிடக்கப்போகும் நிலத்தைப் பற்றி அவரால் கேட்டறியக்கூடிய ஆள் இந்த நகரம் முழுவதிலும் நான் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.